எழுபது டேபிள், ஒரே ட்ரிகர்: நகல் எடுப்பதை எங்கே நிறுத்துவது?

கேள்வி: எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சிறிய நிறுவனத்தில் பேக்எண்ட் டெவலப்பராக இருக்கிறேன். ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களுக்கான மென்பொருள் எங்களுடையது. பராமரிப்பு பில், ரசீது, வாசலில் வருகிறவர்கள் பதிவு, தண்ணீர் டேங்கர் கணக்கு எல்லாம் அதில் உண்டு. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், 70-க்கும் மேல் டேபிள்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று ட்ரிகர் (டேபிளில் மாற்றம் நடக்கும்போது டேட்டாபேஸ் தானாக ஓட்டும் நிரல்): கடைசியாக மாற்றிய நேரத்தைப் போட ஒன்று, யார் எதை மாற்றினார்கள் என்று ஆடிட் டேபிளில் எழுத ஒன்று, கணக்கு முடித்த மாதத்தைத் தொட விடாமல் தடுக்க ஒன்று. புது டேபிள் வந்தால் பழைய ஃபைலைக் காப்பி செய்து பெயரை மாற்றி ஒட்டுவது என் பொறுப்பு. போன மாதம் ஒரு சங்கத்தின் பொருளாளர், ஒரு ரசீதை யார் திருத்தியது என்று கேட்டார். தேடினால், ரசீதுகளின் மாற்றங்கள் எல்லாம் பில் டேபிளின் பெயரில் பதிவாகியிருந்தன. காப்பி செய்தபோது ஓர் இடத்தில் பெயர் மாறாமல் விட்டுப்போயிருக்கிறது. பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுது, எல்லா ஃபைலையும் அதுவே உருவாக்கட்டும் என்கிறார் டீம் லீட். ஏஐயிடம் கேட்டாலே எழுதித் தந்துவிடுமே என்கிறார் ஒரு சீனியர். ட்ரிகரே கூடாது, எல்லாம் அப்ளிகேஷனில்தான் இருக்க வேண்டும் என்கிறார் இன்னொரு அண்ணா. யார் பேச்சைக் கேட்பது? இரண்டு வருடமாகக் காப்பி பேஸ்ட் செய்ததை இன்டர்வியூவில் என்னவென்று சொல்வது?
ஒரு வாசகி, பெங்களூரு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் டீம் லீட் பக்கம்தான் நான். ஆனால் கையில் இருக்கும் ஃபைலை அப்படியே டெம்ப்ளேட் ஆக்கி, 210 ட்ரிகரையும் எழுதித் தள்ளும் ஸ்கிரிப்ட் ஒன்றை உடனே தொடங்கிவிடாதீர்கள். நகல் எடுக்கும் வேலை உங்கள் கையிலிருந்து பைத்தான் கைக்குப் போகுமே தவிர, நகல்கள் குறையாது. ஆறு மாதம் கழித்து ஆடிட்டில் ஒரு ஃபீல்டு கூட்டச் சொன்னால் 70 ஃபங்ஷனும் மாறும். 70 மாற்றத்தையும் யாரோ உட்கார்ந்து ரிவ்யூ செய்ய வேண்டும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது, இந்த 210-இல் ஒன்றுக்கொன்று உண்மையிலேயே வேறுபடுவது எது என்பதைத்தான்.

போஸ்ட்கிரெஸில் ட்ரிகர் இரண்டு துண்டாக இருக்கிறது. வேலையைச் செய்யும் ஃபங்ஷன் ஒன்று, அதை ஒரு டேபிளோடு கட்டிவைக்கும் அறிவிப்பு இன்னொன்று. ஒரே ஃபங்ஷனை எத்தனை டேபிளோடு வேண்டுமானாலும் கட்டலாம். உங்கள் கடிதத்தைப் படித்தால் டேபிளுக்கு ஒரு ஃபங்ஷன் வைத்திருப்பதாகத் தெரிகிறது. ஆரக்கிளிலோ மைஎஸ்கியூஎல்லிலோ பழகியவர்கள் இருக்கும் டீம்களில் இது சகஜம். அங்கே ட்ரிகர் செய்ய வேண்டியதை ட்ரிகருக்குள்ளேயே எழுதிவிடுவார்கள்.

நேரம் போடும் ட்ரிகரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபீல்டின் பெயர் எல்லா டேபிளிலும் ஒன்றாக இருந்தால் மூன்று வரி ஃபங்ஷன் ஒன்று போதும்.

ஆடிட்தான் உங்களைச் சுட்ட இடம். ட்ரிகர் ஃபங்ஷன் ஓடும்போது, எந்த டேபிளுக்காக ஓடுகிறோம் என்பது டிஜி_டேபிள்_நேம் என்ற மாறியில் தானாகவே வந்து நிற்கும். நடப்பது இன்சர்ட்டா, அப்டேட்டா, டெலிட்டா என்பது டிஜி_ஓபி-யில் வரும். பழைய ரெக்கார்டையும் புதிய ரெக்கார்டையும் டு_ஜேசன்பி கொண்டு ஜேசன்பி (ஃபீல்டு பெயரும் மதிப்பும் ஜோடியாக இருக்கும் வடிவம்) ஆக்கிவிட்டால் ஃபீல்டுகளின் பெயரையும் நீங்கள் எழுத வேண்டாம். டேபிளின் பெயரை எந்த இடத்திலும் கையால் எழுதாத ஃபங்ஷனில் பெயர் மாறிப்போக வழியில்லை. ரசீது பில்லாகப் பதிவான கோளாறுக்கு ஃபைல்களை உருவாக்கும் ஸ்கிரிப்ட், அதாவது ஜெனரேட்டர் கூடத் தேவையில்லை, இந்த ஒரு மாறி போதும். டேபிளுக்கு டேபிள் வேறுபடுகிற சங்கதிகள், அதாவது பிரைமரி கீ (ஒவ்வொரு ரெக்கார்டையும் தனித்துக் காட்டும் ஃபீல்டு) எது, ஆடிட்டில் எழுதக்கூடாத ஃபீல்டுகள் எவை என்பவை, ட்ரிகர் அறிவிப்பில் ஆர்குமென்ட்டாகப் போகட்டும். ஃபங்ஷனுக்குள் அவை டிஜி_ஆர்க்வி என்ற வரிசையில், பூஜ்யத்திலிருந்து எண்ணி, சரமாக வந்து சேரும்.

எழுதக்கூடாத ஃபீல்டு என்பதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். உங்கள் வாசல் பதிவில் வருகிறவரின் போன் நம்பர் இருக்கும், சில இடங்களில் போட்டோவும் இருக்கும். முழு ரெக்கார்டையும் ஜேசன்பி ஆக்கி ஆடிட்டில் போட்டால், மூல டேபிளில் அழித்த நம்பர் ஆடிட்டில் காலகாலத்துக்கும் கிடக்கும். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, யாரோ ஒரு டெலிவரி பையனின் நம்பரை எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் 10-இலிருந்து, ஒரு ஜேசன்பியிலிருந்து ஃபீல்டு பெயர்களின் பட்டியலையே கழிக்க முடியும். விலக்க வேண்டியவற்றை ஃபங்ஷனின் முதல் வேலையாகக் கழித்துவிடுங்கள்.

பொருளாளர் கேட்டது "யார்" என்று. அதற்கு இப்போது உங்கள் ஆடிட்டில் என்ன வருகிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அப்ளிகேஷன் எல்லாருக்குமாக ஒரே டேட்டாபேஸ் லாகினில் இணைகிறது என்றால், கரன்ட்_யூசர் என்று கேட்டால் எல்லா ரெக்கார்டிலும் அந்த ஒரே லாகின் பெயர்தான் விழும். பல நிறுவனங்களின் ஆடிட் டேபிள்களில் இதைப் பார்த்திருக்கிறேன்: லட்சக்கணக்கில் ரெக்கார்டு இருக்கும், ஆள் பெயர் ஒன்றிலும் இருக்காது. ஒவ்வொரு ட்ரான்ஸாக்‌ஷனின் தொடக்கத்திலும் அப்ளிகேஷன், உள்ளே வந்திருக்கும் பயனரின் ஐடியை செட்_கான்ஃபிக் மூலம் சொல்லிவிட வேண்டும். (ட்ரான்ஸாக்‌ஷன் என்பது முழுதாக நடக்கும் அல்லது முழுதாக ரத்தாகும் மாற்றத் தொகுப்பு.) அதன் மூன்றாவது ஆர்குமென்ட் ட்ரூவாக இருக்கட்டும். அப்போதுதான் அந்த மதிப்பு அந்த ட்ரான்ஸாக்‌ஷனோடு முடியும். பிஜிபவுன்சர் போன்ற பூலர் (சில கனெக்‌ஷன்களைப் பலருக்கும் பகிர்ந்து தருவது) நடுவில் இருந்தால் இது கட்டாயம். இல்லாவிட்டால் ஒருவரின் ஐடி, அதே கனெக்‌ஷனை அடுத்து வாங்குகிறவர் தலையில் ஏறும். ட்ரிகருக்குள் அதை கரன்ட்_செட்டிங் கொண்டு எடுக்கும்போது இரண்டாவது ஆர்குமென்ட்டாக ட்ரூ கொடுங்கள், இல்லாவிட்டால் மதிப்பு வைக்காத கனெக்‌ஷனில் எரர் வரும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. அந்தக் கனெக்‌ஷனில் இதுவரை யாருமே மதிப்பு வைக்கவில்லை என்றால் நல் (மதிப்பே இல்லை என்ற குறி) வரும். முன்பு வைத்து ட்ரான்ஸாக்‌ஷன் முடிந்திருந்தால் வெற்றுச் சரம் வரும். இரண்டையும் நல்லிஃப் போட்டு ஒன்றாக்குங்கள். ஐடி இல்லாமல் வரும் மாற்றத்தை ஏற்பதா, எரர் எறிந்து நிறுத்துவதா என்பதை டீமாக முடிவு செய்யுங்கள். பணம் புழங்கும் டேபிள்களில் நிறுத்துவதுதான் நல்லது என்பது என் கருத்து.

மூன்றாவது, மாதப் பூட்டு. பில்லில் பில் தேதி, ரசீதில் ரசீது தேதி, டேங்கர் கணக்கில் லோடு வந்த தேதி என்று ஃபீல்டு மட்டும்தான் மாறுகிறது. அதையும் ஆர்குமென்ட் ஆக்கலாம். அப்டேட்டின்போது பழைய தேதி, புதிய தேதி இரண்டையும் பாருங்கள். புதிய தேதியை மட்டும் பார்த்தால், மார்ச்சில் பூட்டிய ரசீதை ஏப்ரல் தேதிக்கு நகர்த்தி எடுத்துவிடலாம்.

இங்கேதான் பயங்கரமான குழி ஒன்று இருக்கிறது. ரெக்கார்டு லெவலில், மாற்றம் எழுதப்படுவதற்கு முன் ஓடும் பிஃபோர் ட்ரிகர் நல் திருப்பினால், அந்த ரெக்கார்டை விட்டுவிடு என்று போஸ்ட்கிரெஸ் எடுத்துக்கொள்ளும். டெலிட்டின்போது நியூ (புதிய ரெக்கார்டைத் தாங்கும் மாறி) என்பதே நல். எனவே பழக்கதோஷத்தில் கடைசி வரியில் நியூவைத் திருப்பும் ஃபங்ஷனை பிஃபோர் டெலிட்டில் கட்டினால், அழிக்கச் சொன்னது அழியாது. எரரும் வராது, பூஜ்யம் ரெக்கார்டு அழிந்தது என்று சாதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடும். ரப்பர் ஸ்டாம்பை வெட்டும்போதே எழுத்து தப்பினால் குத்துகிற தாளெல்லாம் தப்புதான். டெம்ப்ளேட்டில் இந்த ஒரு வரி தவறினால் 70 டேபிளிலும் டெலிட் செத்துவிடும். டெலிட் என்றால் பழைய ரெக்கார்டைத் தாங்கும் ஓல்டைத் திருப்ப வேண்டும். ஆடிட்டை எப்போதும், மாற்றத்துக்குப் பின் ஓடும் ஆஃப்டரில் வையுங்கள். அங்கே திருப்பும் மதிப்பை யாரும் பார்ப்பதில்லை. பிஃபோரில் நடந்த திருத்தங்கள் எல்லாம் முடிந்த உருவமும் அங்கேதான் கிடைக்கும்.

ஃபங்ஷன்கள் மூன்றாகச் சுருங்கிய பிறகும் கட்டிவைக்கும் அறிவிப்புகள் மிஞ்சும். ஜெனரேட்டரின் உண்மையான வேலை அதுதான். அந்த வேலை சிறியதும் அல்ல. மாதம் பிறந்ததும் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு ஒரே இன்சர்ட்டில் பில் போடுவீர்கள். ரெக்கார்டுக்கு ஒரு முறை ஓடும் ஆடிட் ட்ரிகர் அப்போது அத்தனை ஆயிரம் முறை ஓடும். 2017-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 10 இதற்கு ட்ரான்சிஷன் டேபிள் என்ற வசதியைக் கொடுத்தது: ஸ்டேட்மென்ட்டுக்கு ஒரே முறை ஓடும் ஆஃப்டர் ட்ரிகரில், மாறிய ரெக்கார்டுகள் அத்தனையும் ஒரு டேபிளாகக் கைக்கு வரும், ஒரே இன்சர்ட்டில் ஆடிட்டில் எழுதிவிடலாம். ஆனால் ட்ரான்சிஷன் டேபிள் கேட்கும் ட்ரிகரை ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்வுக்குச் சேர்த்து எழுத முடியாது. இன்சர்ட்டுக்கு ஒன்று, அப்டேட்டுக்கு ஒன்று, டெலிட்டுக்கு ஒன்று எனத் தனித்தனியாகத்தான் கட்ட வேண்டும். ஆடிட்டுக்கு மட்டுமே டேபிளுக்கு மூன்று அறிவிப்பு ஆயிற்று. இப்படிப்பட்டதை மனிதர் கையால் எழுதவே கூடாது. பழையதையும் புதியதையும் ஜோடி சேர்க்க பிரைமரி கீ வேண்டும் என்பதால் அதன் பெயரையும் ஜெனரேட்டர்தான் கொடுக்க வேண்டும். இரண்டு ஃபீல்டு சேர்ந்து கீயாக இருக்கும் டேபிள்களை மறந்துவிடாதீர்கள்.

வேறுபாடுகளை எங்கே எழுதிவைப்பது? டேட்டாபேஸுக்குள்ளேயே ஒரு டேபிளில் வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. டெஸ்ட் சர்வரில் ஒன்று, ப்ரொடக்‌ஷனில் ஒன்று என்று சீக்கிரமே பிரிந்துபோகும். நிரல்களின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட்டில், ஒரு யாமல் ஃபைலாக (எளிய பட்டியல் வடிவம்) இருக்கட்டும்: டேபிள் பெயர், பூட்டுக்கான தேதி ஃபீல்டு, விலக்க வேண்டிய ஃபீல்டுகள், இவ்வளவே. பிரைமரி கீயை அதில் எழுதாதீர்கள். டேட்டாபேஸ் தன் டேபிள்களைப் பற்றித் தானே வைத்திருக்கும் கேட்டலாகிலிருந்தே எடுக்கலாம். கேட்டலாகுக்குத் தெரிந்ததை மனிதர் இன்னொரு இடத்தில் எழுதினால் என்றாவது ஒரு நாள் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

பைத்தானா, போஸ்ட்கிரெஸுக்குள்ளேயே ஓடும் பிஎல்பிஜிஎஸ்கியூஎல்லா என்பது பெரிய விஷயமில்லை. டீமில் நாலு பேருக்கு எது வருமோ அதில் எழுதுங்கள். டேபிள் பெயரை வெறுமனே சரத்தில் ஒட்டாமல் குவோட்_ஐடென்ட் வழியாக அனுப்புங்கள். ஓஆர்எம் (நிரலிலிருந்தே டேபிள்களை உருவாக்கும் கருவி) உருவாக்கிய, பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்த ஒரு பெயர் போதும், ஸ்கிரிப்ட் பாதியில் நிற்க.

ட்ரிகருக்குப் பெயர் வைப்பதிலும் கவனம் தேவை. ஒரே டேபிளில் ஒரே நிகழ்வுக்கு, ஒரே நேரத்தில் ஓட வேண்டிய ட்ரிகர்களை போஸ்ட்கிரெஸ் பெயரின் அகரவரிசையில்தான் ஓட்டும், உருவாக்கிய வரிசையில் அல்ல. பூட்டு முதலில், நேரம் போடுவது பிறகு என்று வேண்டுமானால் ஏ10, பி20 மாதிரி முன்னொட்டு வையுங்கள். எண்ணில் தொடங்கினால் எங்கு போனாலும் மேற்கோள் குறி போட வேண்டியிருக்கும். டேபிளின் பெயரை ட்ரிகர் பெயரில் சேர்க்கவே வேண்டாம். போஸ்ட்கிரெஸில் ட்ரிகர் பெயர் அந்த டேபிளுக்குள் மட்டும் தனித்து இருந்தால் போதும். 63 பைட்டுக்கு மேல் போகும் பெயர் வெட்டப்படும். வெட்டிய பிறகு எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று தெரியாமல் ஸ்கிரிப்ட் குழம்பும்.

ஸ்கிரிப்டை எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே முடிவு வர வேண்டும். 2021-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 14-இலிருந்து, இருந்தால் மாற்று, இல்லாவிட்டால் உருவாக்கு என்று ட்ரிகருக்கும் சொல்ல முடியும். அதற்கு முந்தையது என்றால் ஒரே ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் நீக்கிவிட்டு உருவாக்குங்கள். நீக்கும்போது டேபிள் முழுவதுமாகப் பூட்டப்படும், படிக்க வருகிறவர்களும் காத்து நிற்பார்கள். பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கு வரம்பு போடும் லாக்_டைம்அவுட் வைக்காமல் ப்ரொடக்‌ஷனில் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

உருவான எஸ்கியூஎல் கிட்டில் ஏற வேண்டும். கையால் திருத்தாதே என்று தலையில் எழுதினால் போதாது. ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் சிஐயில் ஜெனரேட்டரை மறுபடி ஓட்டி, கிட்டில் இருப்பதோடு ஒப்பிட்டு, ஓர் எழுத்து வேறுபட்டாலும் பில்டு நிற்கும்படி செய்யுங்கள். அதோடு தினமும் ப்ரொடக்‌ஷனின் பிஜி_ட்ரிகர் கேட்டலாகைப் பார்க்கும் ஒரு சின்ன க்வெரியும் வேண்டும். ஃபாரின் கீக்காக போஸ்ட்கிரெஸ் தானே வைத்துக்கொள்ளும் உள் ட்ரிகர்களை ஒதுக்கிவிட்டு, எந்த டேபிளில் ட்ரிகர் இல்லை, எங்கே இருந்தும் அணைக்கப்பட்டிருக்கிறது என்று அது சொல்ல வேண்டும். அணைத்த நிலை டிஜிஎனேபிள்டு என்ற ஃபீல்டில் டி என்று தெரியும். ராத்திரி டேட்டா ஏற்றும்போது வேகத்துக்காக ட்ரிகரை அணைத்துவிட்டுத் திரும்பப் போட மறப்பது எங்கும் நடப்பதுதான். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் வைத்திருக்கும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை அணைக்க முடியாதிருக்க வேண்டும் என்று மத்திய அரசின் கம்பெனி கணக்கு விதிகள் கேட்கின்றன. குடியிருப்புச் சங்கம் கம்பெனி அல்ல. ஆனாலும் அதே அளவுகோலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அப்ளிகேஷனின் லாகின் டேபிளின் உரிமையாளராக இருக்கக் கூடாது. உரிமையாளரால் ட்ரிகரை அணைக்க முடியும். டேபிளை ஒரேயடியாகக் காலி செய்யும் ட்ரன்கேட் செய்தால் டெலிட் ட்ரிகர் ஓடாது என்பதால், அந்த உரிமையையும் அந்த லாகினுக்குத் தர வேண்டாம்.

ஏஐ சொன்ன சீனியருக்கு: டெம்ப்ளேட்டை எழுதவும், அதை உடைத்துப் பார்க்கும் டெஸ்ட்களை யோசிக்கவும் ஏஐ நல்ல துணை, தாராளமாகப் பயன்படுத்துங்கள். டேபிளுக்கு ஒரு முறை அதனிடம் கேட்டு 70 ஃபங்ஷன் வாங்குவதை மட்டும் ஏற்க மாட்டேன். ஒரே கேள்விக்கு இன்று ஒரு மாதிரி, நாளை சற்று வேறு மாதிரி எழுதும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சரியாகவே தெரியும். 70-க்குள் ஒன்றில் மட்டும் இருக்கும் வித்தியாசத்தை எந்த ரிவ்யூவிலும் கண் பிடிக்காது. இப்போது உங்களுக்கு நடந்ததும் அதுதானே.

ட்ரிகரே வேண்டாம் என்கிற அண்ணா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப் அனுப்புவது, வேறு சர்வரை அழைப்பது போன்றவை ட்ரிகருக்குள் வரவே கூடாது. ட்ரான்ஸாக்‌ஷன் ரோல்பேக் ஆனால், அதாவது ரத்தானால், போன மெசேஜைத் திரும்ப வாங்க முடியாது. அனுப்ப வேண்டியதை ஒரு டேபிளில் எழுதிவைத்து, கமிட் ஆகி மாற்றம் உறுதியான பிறகு தனி ப்ரோகிராம் ஒன்று எடுத்து அனுப்பட்டும். ஆனால் ஆடிட்டும் மாதப் பூட்டும் டேட்டாபேஸில்தான் இருக்க வேண்டும். சப்போர்ட்டில் இருப்பவர் நேரடியாக எஸ்கியூஎல் அடித்து ரசீதைத் திருத்தும் நாளில் அப்ளிகேஷனுக்கு அது தெரியவே தெரியாது.

ஏற்கெனவே தவறான பெயரில் விழுந்த ஆடிட் ரெக்கார்டுகளை அப்டேட் போட்டுச் சரிசெய்துவிடாதீர்கள். திருத்தப்பட்ட ஆடிட்டை யாரும் நம்ப மாட்டார்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை பில் என்று இருப்பவற்றில் எவை ரசீது என்பதை ஒரு தனி டேபிளில், காரணத்தோடும் ஒப்புதல் தந்தவர் பெயரோடும் எழுதி, ரிப்போர்ட் எடுக்கும் வியூவில் அதைச் சேருங்கள். பொருளாளருக்கும் நடந்ததை அப்படியே எழுத்தில் கொடுங்கள்.

இனி இன்டர்வியூ. காப்பி பேஸ்ட் செய்தேன் என்று கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்த இரண்டு வருடத்தில் 70 டேபிளும் உங்களுக்கு மனப்பாடம். எது எங்கே வேறுபடுகிறது என்று டீமில் வேறு யாரையும்விட உங்களுக்குத் தெரியும். இந்த வேலையை எடுத்து நடத்தத் தகுதியான ஆள் நீங்கள்தான், அதை டீம் லீடிடம் கேட்டு வாங்குங்கள். முன்பு எத்தனை ஃபங்ஷன், இப்போது எத்தனை, புது டேபிள் ஒன்றைச் சேர்க்க முன்பு எவ்வளவு நேரம், இப்போது எவ்வளவு என்று உங்கள் கிட்டிலிருந்தே எடுத்துக் குறித்து வையுங்கள். பிஃபோர் டெலிட்டில் நியூவைத் திருப்பினால் என்ன ஆகும் என்று இன்டர்வியூவில் நீங்களாகவே விளக்கினால், எதிரே இருப்பவர் டேட்டாபேஸ் தெரிந்தவராக இருந்தால் நிமிர்ந்து உட்காருவார். பெங்களூரில் நடக்கும் பிஜிகான்ஃப் இந்தியா என்ற போஸ்ட்கிரெஸ் மாநாட்டுக்கு ஒரு முறை போய் வாருங்கள். அங்கே பேசுகிறவர்கள் பெரும்பாலும் உங்களைப் போல அன்றாடம் இந்த வேலையைச் செய்கிறவர்கள்தான். அடுத்த முறை இதையே ஒரு உரையாக எழுதி அனுப்பலாம்.

வேலையை டேங்கர் டேபிளிலிருந்து தொடங்குங்கள். ஒற்றை பிரைமரி கீ, ஒரே தேதி ஃபீல்டு, தவறினாலும் யார் பில்லும் கெடாது. அது ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு ரசீதுக்கும் பில்லுக்கும் போங்கள். மாதத்தின் முதல் பத்து நாள் மட்டும் ப்ரொடக்‌ஷனில் கை வைக்க வேண்டாம். பில் போய், பணம் வந்துகொண்டிருக்கும் நாட்கள் அவை.